கவிழ்த்த குடம்

சித்ராதேவி மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பதிமூன்று. சுவரோரம் நிற்க வேண்டியவை பன்னிரண்டு குடங்கள்தான். காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொருத்தியாக வந்து வைத்துவிட்டு, கொண்டையை முடிந்தும் முடியாமலும் கம்பெனிக்கு ஓடியபோது, அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று எண்ணியவை. அப்போது சரியாக இருந்தது. இப்போது மணி பதினொன்றரை. இடையில் யாரும் வரவில்லை. வெயில் சிமெண்ட் தளத்தில் அடித்துக் கண்ணைக் கூசவைத்தது, தெருக்கோடியில் துணி ஓட்டும் மிஷின்கள் ஒரே தாளத்தில் இரைந்துகொண்டிருந்தன, கடைசிக் குடத்துக்குப் பின்னால் இன்னொரு குடம் நின்றது. பச்சைக் குடம்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் பூவாத்தாளின் லைன் வீடு அது. ஒரே நீளமாகப் பன்னிரண்டு அறைகள், மேலே சிமெண்ட் ஷீட், முன்னால் நீண்ட தளம், கோடியில் ஓர் அடிபம்பு. அடிபம்பில் வருவதைத் தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காக. பழுப்பாக, நுரையோடு, மருந்து வாடையோடு வரும். பாத்திரம் கழுவினால் பாத்திரம் வெளுக்கும்; கால் கழுவினால் கால் அரிக்கும். வாயில் வைப்பவர் யாரும் கிடையாது. குடிக்க லாரித் தண்ணீர்தான். செவ்வாயும் வெள்ளியும், நடுப்பகலுக்கு மேல், ஊரே கம்பெனிக்குள் அடைந்து கிடக்கிற நேரமாகப் பார்த்து வரும்.

அது 2003ஆம் வருஷத்துச் சித்திரை மாதம். மூன்றாவது வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. பிள்ளை பிறந்த அன்றைக்கு நாலு தூறல் விழுந்ததென்று மாரிச்செல்வி என்று பேர் வைத்தார்கள். அதோடு சரி, அதற்கப்புறம் தூறலைக் காணோம். ஆனால் சித்ராதேவியின் புருஷன் இசக்கிமுத்து வேலை பார்த்த சாயப் பட்டறைக்கு மட்டும் டேங்கர் டேங்கராகத் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. அவன் முழங்கால்வரை நீலமாக வீட்டுக்கு வந்து, அந்தக் காலைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பான். “எந்தச் சீமையிலயோ எவனோ போடுத பனியன் வெளுக்கணும்னா எம்புள்ள தொண்டை காயணும், என்ன?” என்று கேட்பாள் அவள். அவன் சிரிப்பான். சிரிக்காமல் வேறு என்ன செய்வான், பாவம்.

லாரி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இல்லாததால் லைன் வீட்டில் ஒரு முறை ஏற்பட்டிருந்தது. குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. கைப்பிள்ளைக்காரியான சித்ராதேவி மட்டும்தான் பகலில் இருப்பவள் என்பதால், அவள் வரிசைப்படி எல்லாக் குடங்களையும் பிடித்து அவரவர் கதவடியில் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக அவள் வீட்டுக் குடம் போக, வரிசையின் கடைசியில் இன்னொரு குடம் அவளுக்கு. பிள்ளைக் குடம் என்று அதற்குப் பேர். யாராவது ஊருக்குப் போனாலோ, இன்றைக்கு வேண்டாம் என்றாலோ, தன் குடத்தை வரிசையிலேயே கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கவிழ்த்த குடத்தைத் தாண்டிக் குழாய் அடுத்த குடத்துக்குப் போகும். ஏன் கவிழ்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்பதாம் நம்பர் அறை காலியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதனால்தான் பதினொரு வீட்டுக்குப் பதினொன்று, பிள்ளைக்கு ஒன்று, ஆகப் பன்னிரண்டு.

லாரி வந்தது. டிரைவர் சுப்பண்ணன் ரப்பர் குழாயைத் தோளில் இழுத்துப்போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக நிரப்பினார். பிள்ளைக் குடம் பாதி நிறைந்தபோது குழாய் இருமி, காற்றைத் துப்பி, நின்றது. சித்ராதேவி அந்தப் பச்சைக் குடத்தை ஓரக்கண்ணால் மட்டும் பார்த்தாள். கிட்டே போகவில்லை. ஒவ்வொரு குடமாகச் சுமந்து கதவடிகளில் வைத்துவிட்டுக் கடைசியாகத் திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். யார் எடுத்திருக்க முடியும் என்று நினைக்கவில்லை.

சாயங்காலம் பக்கத்து அறை ரோஸ்மேரி செக்கிங் வேலை முடிந்து வந்ததும் கேட்டாள்.

“யக்கா, நீங்க இன்னொரு குடம் வச்சீங்களோ? பச்சையில?”

“நான் எதுக்குட்டி ரெண்டு வைக்கேன்? ஒண்ணு நெறையுறதுக்கே மாதாகிட்ட வேண்ட வேண்டியிருக்கு” என்றாள் ரோஸ்மேரி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னட்டி, மொகம் ஏன் இப்படிக் கெடக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. வெயிலு.”

மறுநாள் பகலில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. லைன் வீட்டுப் பகல் ராத்திரியைவிட மோசமானது. பதினோரு கதவிலும் பூட்டுத் தொங்கும், சிமெண்ட் ஷீட் சூட்டில் விரிந்து டப்டப்பென்று சத்தம் போடும், காற்று அனலாக வந்து சாயக் கழிவின் வாடையை அறைக்கு அறை கொண்டுபோய்ப் போடும், மனிதக் குரல் என்று ஒன்று கேட்பதற்கு ஆறு மணி ஆக வேண்டும். பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். காலிக் குடத்தின் அடியில் டம்ளரை விட்டுச் சுரண்டுகிற சத்தம். பஞ்ச காலத்தில் எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம்தான். ஒரு சுரண்டல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு சுரண்டல். சுவரை ஒட்டிக்கொண்டே போய்ப் பார்த்தாள். ஒன்பதாம் நம்பர் அறையில் பூவாத்தாள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

அவள் திரும்பி வந்து தன் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறையில் இருந்தவள் மூக்கம்மாள்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, வேஸ்ட் பனியன் துணி பிரிக்கிற குடோனில் வேலை பார்த்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் பம்பாயில் எங்கேயோ. சித்ராதேவிக்குப் பிள்ளை பிறந்தபோது ஊரிலிருந்து அம்மா வர முடியவில்லை. கேட்காமலே வந்து நின்றது மூக்கம்மாள்தான். அறை மூலையில் பாத்திரம் கழுவுகிற அங்கணத்தில் உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் கணுக்கால்மேல் போட்டுக்கொண்டு, “ஊத்து தாயி” என்பாள். இவள் ஊற்றுவாள், அவள் தேய்ப்பாள். நாற்பது நாள் குளிப்பாட்டினாள். ஒரு பைசா, ஒரு சேலை வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை மூக்கம்மாள் காய்ச்சலோடு வந்து வரிசையில் தன் பச்சைக் குடத்தை வைத்துவிட்டு, “பாத்துக்கோ தாயி, என்னால நிக்க முடியல” என்று அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் குடம் பிள்ளைக் குடத்துக்கு முன்னால் நின்றது. லாரியில் தண்ணீர் குறைச்சல். இன்னும் ஒரே குடம்தான் தேறும் என்று சுப்பண்ணன் சொன்னபோது, அடுத்து நின்றது மூக்கம்மாளின் குடம், அதற்கு அடுத்தது பிள்ளையினுடையது. சித்ராதேவி குனிந்தாள். பச்சைக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். “அவுகளுக்கு வேண்டாமாம்” என்றாள். சுப்பண்ணன் தலையாட்டிவிட்டு அடுத்த குடத்தில் குழாயை விட்டார்.

ஒண்டிக்கட்டை, எப்படியாவது சமாளித்துக்கொள்வாள், வெள்ளிக்கிழமை சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை லாரி வழியில் நின்றுவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு இசக்கிமுத்துதான் உடைத்தான். அவள் தரையில் கிடந்தாள். பக்கத்தில் டம்ளர். டம்ளரில் அடிபம்புத் தண்ணீர், பழுப்பாக, அடியில் வண்டல் தட்டி. வயிற்றால் போய்ப் போய் உடம்பு கருவாடாகச் சுருங்கியிருந்தது.

தெற்கத்திப் பெண்கள் முறைப்படி நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்து பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும் என்றார்கள். எங்கே போய் எடுப்பது? எல்லா வீட்டுக் குடமும் காலி. அடிபம்புத் தண்ணீரை ஊற்றலாம் என்று யாரோ சொன்னதற்கு, அதைக் குடித்துத்தானே செத்தாள் என்று ரோஸ்மேரி அழுதாள். பூவாத்தாள் வந்து எட்டி நின்று பார்த்தாள்.

“குடிக்கவே சொட்டுத் தண்ணியக் காணோமுங்க அம்மிணி. ஈரத் துணியில தொடச்சுப் போட்டு எடுத்துப் போடுங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.”

ஈரத் துணியால் துடைத்தார்கள். துணி காய்ந்துபோனதும் நிறுத்திக்கொண்டார்கள். சித்ராதேவியின் அறையில் பிள்ளைக் குடம் முக்கால் குடம் இருந்தது. அதன் வாயில் தட்டைப் போட்டு மூடி, மேலே பிள்ளையின் துணிகளைப் போட்டு, அதற்கு முன்னால் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அதுதான் அவளை ராவும் பகலும் அரித்தது. நொய்யல் கரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எந்தப் பஞ்சத்திலும் வற்றாத ஆறு; சாயக் கழிவு ஒரு நாளும் குறைவதில்லை. மூக்கம்மாளின் தட்டுமுட்டுச் சாமான்களைப் பூவாத்தாள் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாள். பச்சைக் குடமும் அதில் போனது. மூட்டையில் அது போவதைச் சித்ராதேவி தன் கண்ணால் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு எண்ணிப் பார்த்தபோது மறுபடி பதிமூன்று. இந்தத் தடவை பச்சைக் குடம் பிள்ளைக் குடத்துக்கு முன்னால் நின்றது.

அவள் பக்கத்தில் போனாள். வாய் விளிம்பில் விரிசலுக்குச் சூட்டுக் கம்பி வைத்து உருக்கி ஒட்டிய தழும்பு. மூக்கம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து ஒட்டியது, இவள் விளக்குப் பிடித்தாள். குடத்தைப் பிடித்துத் தூக்கினாள். வெறுங்குடம், ஆனால் நிறைகுடத்தின் கனம். உள்ளே கையை விட்டாள். ஈரம் என்பதே படாத பிளாஸ்டிக், அடியில் மாவு மாதிரி ஏதோ பொடி. கையை வெளியே எடுத்தபோது விரல் நுனிகள் ஐந்தும் சுருங்கி, தோல் வெடித்து, வெள்ளையாக இருந்தன. வாயில் வைத்து நனைத்தாள். ஈரம் ஒட்டவில்லை.

அழுகையை அடக்கிக்கொண்டு குடத்தைப் பிள்ளைக் குடத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். லாரி வந்தது. பிள்ளைக் குடம்வரை கிடைத்தது, அதற்கப்புறம் இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டாள். விட்ட பிறகு தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். இசக்கிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

“பச்சைக் கொடம் திருப்பூர்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கோ? ஏட்டி, தனியா இருந்து இருந்து கிறுக்குப் பிடிச்சிட்டா?”

“நான் கவுத்து வச்சதுங்க அது. நாந்தான் கவுத்தேன்.”

அவன் கை நின்றது. அவன் அதுவரை அதைக் கேள்விப்பட்டதில்லை.

“யார்ட்டயும் சொல்லாத” என்றான். கையைக் கழுவாமல் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை. லாரிக்குத் தண்ணீர் கொடுக்கிற போர்வெல்லே வற்றிவிட்டதாம், வேறு இடம் பார்க்கிறார்களாம். எப்போது வந்தாலும் வரும் என்று குடங்களை யாரும் எடுக்கவில்லை. அவை வரிசையிலேயே வெயில் காய்ந்துகொண்டு நின்றன. சாயங்காலம் எல்லாரும் திரும்பும்போது பன்னிரண்டு நிற்கும். காலையில் அவர்கள் போனதும் பதிமூன்று. புதன்கிழமை காலையில் பச்சைக் குடம் கடைசிக்கு முந்தினது. மத்தியானம் பார்த்தபோது ரோஸ்மேரியின் குடத்துக்கு முன்னால் போயிருந்தது. நகர்கிறதை அவள் ஒரு தடவையும் பார்க்கவில்லை. தளத்தில் பிளாஸ்டிக் இழுபடுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஓடிவந்து பார்ப்பாள். ஒரு இடம் முன்னேறி நிற்கும். அவ்வளவு பொறுமையாக அது வரிசையில் வந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரியிலிருந்து பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பிள்ளைக் குடம் தீர்ந்து, வேறு வழியில்லாமல் அடிபம்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வடிகட்டித்தான் அவள் பாலாடையில் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களைக் கையில் கொடுத்துக் கண்டிப்பாகச் சொன்னார்: “நல்ல தண்ணியில கலக்கிக் கொடுத்துக்கிட்டே இருக்கணும்மா. விட்டா புள்ள தாங்காது.”

நல்ல தண்ணீர். என்னவோ கடையில் கேட்டால் நிறுத்துக் கொடுப்பார்கள் என்கிற மாதிரி. கடையில் பாக்கெட் தண்ணீர் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இசக்கிமுத்து சாயப் பட்டறை டேங்கரில் ஒரு பாட்டில் பிடித்து வந்தான். கேட்டில் செக்யூரிட்டி பிடுங்கித் தரையில் கொட்டினான். ரோஸ்மேரி தன் பானையைச் சாய்த்து வழித்து ஒரு சொம்பு கொடுத்தாள். அது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிவரை வந்தது.

பன்னிரண்டரை. பிள்ளை அழுவதை நிறுத்தியிருந்தது. அழாதது அழுததைவிடப் பயமாக இருந்தது. உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது, உதடு ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தது. ஒன்பதாம் நம்பரில் அந்தச் சத்தம். சுரண்டல். இடைவெளி. சுரண்டல். அவள் காதைப் பொத்திக்கொண்டு, “யக்கா, புள்ளைக்காகத்தானக்கா செஞ்சேன், உங்க காலு மேல கெடந்த புள்ளதானக்கா” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் நின்றது.

தெருவில் ஹாரன் அடித்தது.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். பச்சைக் குடம் வரிசையின் தலையில், முதல் குடமாக நின்றது. சுப்பண்ணன் குழாயோடு வந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது.

“அம்மிணி, போரு காத்தடிக்குதுங்க. வார வழியெல்லாம் சனம் மறிச்சுப் புடிச்சுப் போட்டாங்க. என்னத்தச் சொல்ல, ஒரு கொடந்தானுங்க தேறும். நீங்களே பங்கு போட்டுக்கோங்க.”

“ஒண்ணா?”

“ஒண்ணே ஒண்ணுங்க.” அவர் குழாயை முதல் குடத்துக்குக் கொண்டுபோனார். “இது யாருதுங்க, பச்சை?”

அவருக்கும் அது தெரிகிறது. இத்தனை நாளும் தனக்குக் கிறுக்கு என்று ஒரு மூலையில் நம்பியிருந்தாள். அந்த ஆறுதலும் போனது.

ஊற்றச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை. இந்தக் குடம் நிறைந்து ஒன்பதாம் நம்பர் வாசலில் போய் நின்றால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது, யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவள் செய்ய வேண்டியது அதுதான். அறைக்குள் தொட்டில் ஆடாமல் தொங்கியது.

அவள் குனிந்தாள். இரண்டு கையாலும் பிடித்து, பச்சைக் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவுகளுக்கு வேண்டாமாம்” என்றாள்.

வரிசையில் மற்ற எல்லாரையும் தாண்டிக் கடைசியில் நின்ற பிள்ளைக் குடத்தை எடுத்து வந்து குழாய்க்கு நேராக வைத்தாள். சுப்பண்ணன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை அதற்குள் விட்டார். தண்ணீர் விழுந்தது. கழுத்துவரை நிறைந்தது. குழாய் காற்றைத் துப்பியது. லாரி போனது. தெருவில் புழுதி எழுந்து அடங்கியது.

குடத்தை இடுப்பில் ஏற்றினாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகைப் பொடி, பாலாடை. அது மட்டும்தான் மனசில் ஓடியது. தளத்தில் நடந்தாள். மூன்றாம் நம்பர். நாலு. தன் கதவு.

சுரண்டுகிற சத்தம் அவள் அறைக்குள்ளிருந்து வந்தது.

கதவைக் காலால் தள்ளினாள். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த மண் வாடை. மழை இல்லாத மண்ணின் வாடை. பிறகு தொட்டில் தெரிந்தது. தட்டையாக. கனம் இல்லாமல்.

அங்கணத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

முதுகைக் காட்டி. தலைமயிர் அவிழ்ந்து தரையில் கிடந்தது. உடம்பெல்லாம் அழுக்கு. அழுக்கின் நடுவே ஈரத் துணி இழுத்த தடங்கள். தோளில் ஒன்று. விலாவில் ஒன்று. அதற்குமேல் துடைக்காமல் விட்ட இடம். கால் இரண்டும் முன்னால் நீட்டியிருந்தன.

கணுக்கால்மேல் பிள்ளை.

“ஊத்து தாயி.”

சித்ராதேவி ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடுங்க வேண்டும் என்று நினைத்தாள். கால் அசையவில்லை. கை அசைந்தது. அவள் கேட்காமலே அசைந்தது. இடுப்பிலிருந்த குடம் சரிந்தது. தண்ணீர் அந்தத் தலையில் விழுந்தது.

கொதிக்கிற தரையில் விழுகிற மாதிரிச் சுர்ரென்றது. மயிரில் இறங்கியது. முதுகில் இறங்கியது. இடுப்பைத் தாண்டவில்லை. தோல் குடித்தது. வெடிப்பு வெடிப்பாக வாய் திறந்து குடித்தது. தரைக்கு ஒரு சொட்டு வரவில்லை.

பிள்ளை தண்ணீர்ச் சத்தம் கேட்டு வாயைத் திறந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. நாக்கை நீட்டியது.

“யக்கா, புள்ளைக்கு. யக்கா. ஒரு வாய்.”

“ஊத்து தாயி. முதுகே நனையல.”

பாதிக் குடம். கால் குடம். கையை நிமிர்த்தப் பார்த்தாள். முடியவில்லை. குடம் இலேசாகிக்கொண்டே வந்தது. கடைசித் தண்ணீர் கயிறு மாதிரி மெலிந்து, நூலாகி, சொட்டாகி, நின்றது. வெறுங்குடத்தை அவள் கை சாய்த்துப் பிடித்தபடியே இருந்தது.

மூக்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்தாள். நாற்பது நாளும் செய்த மாதிரியே, அன்பாக, அவசரமில்லாமல், காய்ந்த உள்ளங்கையால் பிள்ளையின் நெஞ்சைத் தேய்த்தாள். கையைத் தேய்த்தாள். கன்னத்தைத் தேய்த்தாள்.

தேய்த்த இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. அங்கணக் குழியை நோக்கித் தண்ணீர் ஓட வேண்டிய சரிவில் அந்தப் பொடி மெல்ல ஓடி இறங்கியது. பிள்ளை இன்னும் வாயைத் திறந்தே வைத்திருந்தது.